பழைய மடக்குக் கேமராக்கள்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் அனுபவங்கள்

கடற்கரைவாசி:
அக்ஃபா ஐசொலெட் 2 என்ற மடக்குக் கேமராவை வைத்திருப்பவர்களிடம், லென்ஸையும் உடலையும் இணைத்து மடிந்து விரியும் அதன் துருத்தியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. என்னை உறுத்துவது, அதை விற்றவர் சொன்ன காரணம்தான். வாங்கிய நாளிலிருந்து உறையை விட்டு வெளியே எடுத்ததே இல்லை, ஆகவே துருத்தி புதிதாகவே இருக்கும் என்றார் அவர். தோலுறையில் ஒரு கீறல்கூட இல்லாததால், அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். அன்றிரவு குளியலறை விளக்கை அணைத்துவிட்டு, பின்மூடியைத் திறந்து, பேனா அளவு டார்ச் ஒன்றைத் துருத்திக்குள் விட்டு மெல்லத் திருப்பினேன். நான்கு மூலைகளிலும், ஒவ்வொரு மடிப்பின் நுனியிலும், ஊசி குத்தியதுபோல் வெளிச்சம் கசிந்தது. அந்த மாதிரிகளில் அக்ஃபா பயன்படுத்திய செயற்கைப் பொருள் காலப்போக்கில் மடிப்பு முனைகளில் வெடித்துவிடுகிறது. பயன்படுத்தினாலும் வெடிக்கும், பூட்டி வைத்தாலும் வெடிக்கும். துணிக்குப் பூசும் கறுப்பு வண்ணத்தை மெல்லிய தூரிகையால் மூலைகளில் தடவி, துருத்தியை விரித்த நிலையிலேயே உலர விட்டேன். இப்போதைக்குக் கசிவு இல்லை.

பச்சைக்கிரீஸ்:
மேலே எழுதிய நண்பர் மன்னிக்கவும், வண்ணம் பூசுவது மருந்தாகாது. மடிக்கும் ஒவ்வொரு முறையும் அதே முனைகள்தான் வளைகின்றன. பூச்சு உதிர்ந்து பிலிமின் மேல் துகளாக விழும். துருத்தியை மாற்றுவதே முறை. அதைவிட முக்கியமாக, முன்லென்ஸை அவர் சோதித்தாரா என்பதை எழுதவில்லை. என் ஐசொலெட்டில் அபோடார் லென்ஸின் தூர வளையம் (படம் தெளிவாக விழ, பொருளின் தூரத்துக்கு ஏற்பத் திருப்புவது) மிக இறுக்கமாக இருந்தது, ஆனால் திரும்பத்தான் செய்தது. எடுத்த படங்கள் எல்லாமே மங்கலாக இருந்தன. அந்தக் காலத்துப் பச்சை மசகு கோந்தாக இறுகி, முன்கண்ணாடியையும் நடுக்கண்ணாடியையும் ஒன்றாக ஒட்டிவைத்திருந்தது. வளையத்தைத் திருப்பும்போது முன்கண்ணாடி மட்டும் நகர்வதற்குப் பதிலாக இரண்டும் சேர்ந்தே திருகிக்கொண்டிருந்தன. லைட்டர் எண்ணெயில் ஊறவைத்தும் பயனில்லை. தலைமுடி உலர்த்தியால் சூடேற்றி, இரு கைகளிலும் ரப்பர் துணியைச் சுற்றிக்கொண்டு திருப்பியபோது, மரக்கிளை முறிவதைப் போன்ற ஒரு சத்தம் வந்தது. கண்ணாடி உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மரையில் பச்சை மெழுகு திரிந்து நிற்க, இரண்டு பாகங்களும் முழுதாகக் கையில் இருந்தன.

யாரும் கேட்கவில்லை என்றாலும் இதையும் எழுதிவிடுகிறேன். பிரித்த பிறகு மரையைச் சுத்தம் செய்து மாட்டுவதோடு வேலை முடிவதில்லை, முடிவிலித் தூரத்தை, அதாவது வெகுதொலைவில் உள்ளவை தெளிவாக விழும் நிலையை, மீண்டும் அமைத்தாக வேண்டும். பிலிம் ஓடும் உட்தண்டவாளங்களின் மேல் சொரசொரப்பான கண்ணாடித் துண்டு ஒன்றைச் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கி இருக்கும்படி வையுங்கள். விசையை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பி நிலையில் அதைத் திறந்து பிடித்து, அப்பர்ச்சர் எனும் லென்ஸ் துவாரத்தை முழுவதும் திறந்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கைப்பேசிக் கோபுரம் போன்ற ஒன்றை உருப்பெருக்கியால் பாருங்கள். கோபுரத்தின் கம்பிகள் துல்லியமாகத் தெரியும் இடத்தில் முன்கண்ணாடியை நிறுத்தி, தூர வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்துத் திருகுகளை இறுக்குங்கள். கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டுநாடாவை ஒட்டிப் பார்க்கலாம் என்பார்கள்; அது தொய்ந்தால் அளவு தவறிவிடும்.

கோவைப்பிலிம்:
துருத்தி விஷயத்தில் ஜெய்ஸ் ஐகான் கேமராக்கள் எவ்வளவோ மேல். அந்த நிறுவனத்தின் மடக்குக் கேமராவான என் நெட்டார் 518/16-இன் துருத்தியில் இன்றுவரை ஒரு துளைகூட இல்லை. எனக்கு நேர்ந்தது வேறு. உறவினர் வீட்டுத் திருமணத்தில், பழைய கேமராக்களை நன்கு அறிந்தவர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட பெரியவர் ஒருவர் அதை ஆசையோடு வாங்கிப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் ப்ரான்டோ ஷட்டரில், சில நொடிகள் கழித்துத் தானே படமெடுக்க வைக்கும் தானியங்கி நெம்புகோலை இழுத்து விசையை அழுத்திவிட்டார். 'கிர்ர்' என்று ஓடத் தொடங்கிய சத்தம் பாதியிலேயே நின்றது. ஷட்டர் திறக்கவும் இல்லை, அடுத்த விசைக்கு இணங்கவும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் பந்தியைப் பார்த்தேன். அந்தச் சின்னப் பற்சக்கரத் தொகுதியில்தான் எண்ணெய் முதலில் இறுகும் என்பதை இதைப் படிக்கும் அனைவரும் அறிவீர்கள். பிறர் கையில் கொடுப்பதற்கு முன் அந்த நெம்புகோலின் மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுவது நல்லது.

கடற்கரைவாசி:
பச்சைக்கிரீஸ் ஐயாவுக்கு: புதிய துருத்திக்கும் அதை வரவழைப்பதற்கும் ஆகும் செலவு, நான் கேமராவுக்குக் கொடுத்த விலையைத் தாண்டுகிறது. நான் மெல்லிய வண்ணமே பூசினேன், இதுவரை துகள் எதுவும் விழவில்லை. முன்லென்ஸ் ஒட்டியிருக்கவில்லை, அதைச் சோதித்துவிட்டுத்தான் பணமே கொடுத்தேன்.

இருட்டுப்பை:
நீங்கள் அனைவரும் இன்றும் கடையில் கிடைக்கும் 120 அளவுச் சுருள் பிலிமில் எடுப்பவர்கள், கொடுத்துவைத்தவர்கள். என்னிடம் இருப்பது தாத்தாவின் கோடாக் சிக்ஸ்-20. அதற்குத் தேவையான 620 சுருளை 1930-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய கோடாக், 1995-இல் நிறுத்திவிட்டது. பிலிமின் அகலமும், அதன் பின்னால் வெளிச்சத்தை மறைக்கும் பின்தாளும் 120-க்கு உரியவையே. ஸ்பூலின் (பிலிம் சுற்றியிருக்கும் உருளையின்) தண்டும் விளிம்பும்தான் மெலிந்தவை. விளிம்பை நகவெட்டியால் வெட்டினால் போதும் என்று சிலர் எழுதுகிறார்கள், என் கேமராவில் அது இறுகிக்கொண்டு சுற்ற மறுத்தது. ஆகவே வெளிச்சம் புகாத இருட்டுப்பைக்குள் கைவிட்டு, ஒருமுறை வேறொரு ஸ்பூலுக்கும், பிறகு 620 ஸ்பூலுக்குமாக இரண்டு முறை சுற்றினேன். கடைசி அடியில் விரல் நுனியில் ஒரு வீக்கம் தட்டுப்பட்டது. பின்தாளோடு பிலிமை ஒட்டியிருக்கும் நாடாவுக்கு அருகே பிலிம் அலையாக எழும்பி நின்றது. வெளிச்சம் இல்லாமல், வியர்த்த கையோடு, அந்த நாடாவை உரித்துப் பிலிமை இழுத்துச் சமன்செய்து மீண்டும் ஒட்டுவதற்குள் பொறுமை போய்விட்டது. சுற்றும் திசை மாறும்போது உள்வட்டம், வெளிவட்டம் என்ற வேறுபாட்டால் அந்த வீக்கம் வரத்தான் செய்யும். அதைச் சுருக்கமாக மடித்து அப்படியே விட்டால் சட்டகத்தில் பிலிம் சீராகப் படியாது.

பெஸ்ஸாப்பித்தன்:
பிலிம் சீராகப் படிவதைப் பற்றி இவ்வளவு பேசியும், கேமராவில் பிலிமை அடுத்த படத்துக்கு எப்போது சுற்றுவது என்பதை ஒருவரும் எழுதவில்லை. போருக்கு முந்தைய ஃபோக்ட்லெண்டர் பெஸ்ஸா மடக்குக் கேமராவில் 6×9 செ.மீ. படங்களின் நடுப்பகுதி சில சமயம் மட்டும் மங்கலாக வந்தது ஏன் என்று தெரியாமல் தவித்தேன். பாழான பிலிம் துண்டு ஒன்றைத் தண்டவாளத்தின் மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பின்மூடி திறந்த நிலையில் முன்கதவை 'படக்' என்று திறக்கச் சொன்னேன். என் மகள் விசையை அழுத்தியதும், துருத்தி காற்றை இழுக்க, பிலிமின் நடுப்பகுதி உள்ளே குழிந்ததைக் கண்ணால் பார்த்தேன். படம் எடுத்தவுடன் அடுத்த எண்ணுக்குச் சுற்றி வைத்துவிட்டுக் கேமராவை மடக்குபவர்களுக்கு, அடுத்த முறை திறக்கும்போது இதுதான் நேர்கிறது. கதவைக் கையால் தாங்கி மெதுவாகத் திறந்து, அதன் பிறகே சுற்ற வேண்டும். இப்படிச் செய்தால் சுற்ற மறந்து ஒரே கட்டத்தில் இரண்டு படங்கள் பதியும் என்று எதிர்வாதம் வரும். ஒவ்வொரு படத்துக்கும் முன்பு சுற்றுவது, எடுத்த பின் ஒருபோதும் சுற்றாமல் இருப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டால் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.