பழைய ஸ்கோப் பிளக்-இன்: திரையில் தெரிந்த கோளாறு, உள்ளே கிடைத்த பதில்

முதல் பதிவு

நண்பர்களே, வால்வு காலத்து ஆசிலாஸ்கோப்பின் (வோல்டேஜ் மாறுவதைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவி) வெர்டிகல் பிளக்-இன் ஒன்றைப் பிரித்துச் சரிசெய்து முடித்திருக்கிறேன். திரையில் தெரிகிற கோளாறைப் பொறுமையாகக் கவனித்தாலே போதும், உள்ளே எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. நீங்களும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.

புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1950களில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 530, 540 வரிசைகளில் ஸ்கோப்பின் பெரிய உடம்பு மாறாது; முன்பக்க ஆம்ப்ளிஃபயரை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டலாம். பின்னால் ஒரு 16 பின் கனெக்டர். அதன் வழியாக −150, +100, +225, +350 வோல்ட் எல்லாம் உள்ளே வரும். பதிலுக்குப் பிளக்-இன் கொடுப்பது இரண்டே இரண்டு சிக்னல் கம்பிகள். இரண்டும் சும்மா இருக்கும்போது 67.5 வோல்ட்டில் நிற்கும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டுக்கும் நடுவே 0.1 வோல்ட் வித்தியாசம் வந்தால் திரையில் புள்ளி ஒரு சென்டிமீட்டர் நகரும்.

பிளக்-இன்னின் வேலையே இதுதான். வாசலில் சில மில்லிவோல்ட் வந்தாலும் நூறு வோல்ட் வந்தாலும், இந்த அளவுக்குக் கொண்டுவந்து உடம்பிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவும் டிசியிலிருந்து ஆரம்பித்து. அதனால் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே கெப்பாசிட்டர் போட்டு டிசியைத் தடுக்க முடியாது. முதல் வால்வு கொஞ்சம் அசைந்தாலும் அந்த அசைவு பெருகிக்கொண்டே திரை வரை போய்ச் சேரும்.

என்னுடையதில் இருந்த கோளாறு இது: கெயினை (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை) மாற்றும் வேரியபிள் குமிழைத் திருப்பினால் டிரேஸ், அதாவது திரையில் தெரியும் கோடு, மேலும் கீழும் ஓடியது. சிக்னலே கொடுக்கவில்லை, இன்புட் கிரவுண்டில்தான் இருந்தது. அப்படியும் ஓடியது.

காரணம் இரண்டாவது கட்டத்தில். வாசலில் ஒரு கேத்தோடு ஃபாலோயர் (சிக்னலைப் பெருக்காமல் அடுத்த கட்டத்துக்குக் கொடுக்கும் வால்வு), அதற்கு அடுத்து ஒரு ஜோடி வால்வு. ஜோடியில் ஒன்றின் கிரிட்டுக்கு, அதாவது கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, சிக்னல் போகும், மற்றதன் கிரிட்டில் நிலையான வோல்டேஜ் இருக்கும். இரண்டின் கேத்தோடுகளையும் (எலக்ட்ரான் கிளம்பும் முனைகளையும்) ஒரு ரெசிஸ்டர் இணைக்கிறது. முதல் வால்வில் கரண்ட் கூடினால் அடுத்ததில் குறையும். ஒற்றைக் கம்பியில் வந்த சிக்னல் எதிரெதிராகப் போகும் இரட்டைச் சிக்னலாக மாறுவது இந்த இடத்தில்தான். அந்த நடு ரெசிஸ்டரைக் குறைத்தால் கெயின் கூடும், கூட்டினால் குறையும். வேரியபிள் குமிழ் செய்வது அவ்வளவுதான்.

இப்போது பாருங்கள். சிக்னல் இல்லாதபோது இரண்டு கேத்தோடும் சரியாக ஒரே வோல்டேஜில் இருந்தால் நடு ரெசிஸ்டரில் கரண்ட்டே ஓடாது. அதன் மதிப்பை எவ்வளவு மாற்றினாலும் டிரேஸ் அசையாது. ஒரு சின்ன வித்தியாசம் இருந்தாலோ, குமிழைத் திருப்பத் திருப்ப கரண்ட் மாறும், டிரேஸும் ஓடும். முகப்பில் ஸ்க்ரூடிரைவர் விட்டுத் திருப்பும்படி வைத்திருக்கும் டிசி பேலன்ஸ் இதைச் சமன் செய்யத்தான். என்னுடையதில் அதைக் கடைசி வரை திருப்பியும் சமன் ஆகவில்லை. மீட்டரை இரண்டு கேத்தோடுக்கும் நடுவே வைத்தேன், வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. ஜோடி வால்வுகளை இடம் மாற்றிப் போட்டதும் மீட்டரில் பிளஸ், மைனஸ் தலைகீழானது. அப்படியானால் ரெசிஸ்டர்கள் நல்லவை, வால்வுகள்தான் பொருந்தவில்லை. பொருத்தமான ஜோடியைப் போட்டு, நன்றாகச் சூடேற விட்டு, பேலன்ஸ் வைத்தேன். இப்போது குமிழை எப்படித் திருப்பினாலும் கோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஸ்கோப் ஓடும்போது பிளக்-இன்னை இழுக்காதீர்கள். அந்தக் கனெக்டரில் 350 வோல்ட் இருக்கிறது.

மறுமொழி

நல்ல தொடக்கம் சார். எனக்கு வாய்த்தது அட்டனுவேட்டர் கோளாறு, அதாவது பெரிய சிக்னலை வகுத்துக் குறைக்கும் பகுதியில்.

அதிக சென்சிடிவிட்டி உள்ள நிலையில் சதுர அலை சுத்தமாக வந்தது. பத்தால் வகுக்கும் நிலைக்குப் போனால் ஒவ்வொரு மூலையிலும் கொம்பு முளைத்தது. ஆம்ப்ளிஃபயர் குற்றமற்றது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு நிலைக்கும் அதே ஆம்ப்ளிஃபயர்தானே.

பத்தால் வகுக்க 900 கிலோஓம் தொடராகவும் 111 கிலோஓம் கிரவுண்டுக்கும் போட்டிருப்பார்கள். டிசிக்கு இது போதும். ஆனால் வால்வின் கிரிட்டில் சில பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் எப்போதும் இருக்கிறதே! 900 கிலோஓம் வழியாக அது சார்ஜ் ஆக நேரம் எடுக்கும், மூலை மழுங்கும். அதனால் 900 கிலோஓமுக்குக் குறுக்கே ஒரு டிரிம்மர் (திருப்பி மதிப்பை மாற்றும் சின்னக் கெப்பாசிட்டர்). மேலே உள்ள ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் பெருக்குத்தொகையும் கீழே உள்ளதும் சமமானால் எல்லா ஃப்ரீக்வென்சியும் ஒரே மாதிரி பத்தால் வகுபடும். மேலே கெப்பாசிட்டன்ஸ் அதிகமானால் கொம்பு, குறைந்தால் மழுங்கல்.

ஒவ்வொரு நிலையிலும் இரண்டாவது டிரிம்மர் ஒன்றும் இருக்கும். பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. எந்த நிலைக்குத் திருப்பினாலும் இன்புட்டின் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் மாறாமல் வைப்பது அதன் வேலை. அது தவறினால் ஒரு நிலையில் சரியாக வைத்த புரோப் (சிக்னலை ஸ்கோப்புக்கு எடுத்துவரும் முனையும் கம்பியும்) அடுத்த நிலையில் தவறாகிவிடும். நேரடியாகச் சதுர அலை கொடுத்து முதல் டிரிம்மரை வையுங்கள், பிறகு பத்து மடங்கு புரோப் வழியாகக் கொடுத்து இரண்டாவதை வையுங்கள். தகரக் கவசத்தை மாட்டிவிட்டு, அதன் துளை வழியாகப் பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் திருப்ப வேண்டும். கவசத்தைக் கழற்றினாலே கெப்பாசிட்டன்ஸ் மாறி அலை உருமாறுவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

அப்புறம், நீண்ட நேரம் சாய்வாக இறங்கும் அலையை எந்த டிரிம்மராலும் திருத்த முடியவில்லை என்றால் சுவிட்ச் மேல் அழுக்குப் படலம் இருக்கலாம். மெகாஓம் கணக்கில் வேலை செய்யும் இடத்தில் அழுக்கும் ஒரு ரெசிஸ்டர்தான். சோப்புத் தண்ணீரில் கழுவி மிதமான சூட்டில் முழுக்க உலர்த்துவது டெக்ட்ரானிக்ஸ் சர்வீஸிலேயே இருந்த வழக்கம். நானும் செய்தேன், சாய்வு போய்விட்டது.

மறுமொழி

சால்டர் வைக்கப் போகிறவர்களுக்கு: உள்ளே வெள்ளைப் பீங்கான் பட்டைகளில் பள்ளம் பள்ளமாக இருக்கும், பாகங்கள் அதில்தான் உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளங்களில் பூசியிருப்பது வெள்ளி. சாதாரண ஈயம் போட்டால் வெள்ளி அதில் கரைந்து, திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது பிடிமானம் உரிந்து வந்துவிடும். சுமார் 3 சதவீதம் வெள்ளி கலந்த ஈயம்தான் போட வேண்டும். ஸ்கோப்பின் உள்ளேயே அந்த ஈயத்தை ஒரு சின்னச் சுருளாக மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். பின்னால் யாரோ ஒருவர் சரிசெய்வார் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள், அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மறுமொழி

என் அனுபவம் கொஞ்சம் விசித்திரம். சதுர அலை மூலையில் சரியாக ஏறி, ஒரு மைக்ரோசெகண்டுக்குள் மெல்லத் தணிந்து, அப்புறம் சமமாக ஓடியது. அட்டனுவேட்டரின் எல்லா நிலையிலும் அப்படியே. டிரிம்மரைத் திருப்பிப் பயனில்லை. வால்வு டெஸ்டரில் எல்லா வால்வும் நல்லது என்றே காட்டியது.

கடைசியில் அது கேத்தோடுக்கு உள்ளேயே இருக்கும் சிக்கல். நிக்கல் குழலுக்கும் மேலே உள்ள ஆக்சைடு பூச்சுக்கும் நடுவே காலப்போக்கில் ஒரு மெல்லிய தடைப்படலம் உருவாகிறது. ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கக் கரண்ட் அதிகம் ஓடாத வால்வுகளில் இது சீக்கிரம் வரும். கேத்தோடுக்குத் தொடராக ஒரு ரெசிஸ்டரும் அதற்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டரும் போட்டதற்குச் சமம். வேகமான மாற்றம் கெப்பாசிட்டர் வழியாகப் போய்விடும், அதற்கு முழு கெயின் கிடைக்கும். மெதுவானது ரெசிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும், அதற்குக் கெயின் குறையும். ஹீட்டர் வோல்டேஜைச் சற்றே கூட்டிப் பார்த்தேன். அலையின் தலை உடனே நிமிர்ந்தது. சூடு ஏறினால் அந்தத் தடை குறையும் என்பதால் இது நம்பகமான சோதனை. வால்வை மாற்றியதும் தீர்ந்தது.

மறுமொழி

வால்வுக்கு அப்பாலும் கொஞ்சம் போகலாமே. 1969ல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 7000 வரிசையின் 7ஏ22 என்ற பிளக்-இன் என்னிடம் இருக்கிறது. திரையில் வரைந்திருக்கும் ஒரு சதுரத்துக்கு 10 மைக்ரோவோல்ட் வரை காட்டும், 1 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். இரண்டு இன்புட்டிலும் பொதுவாக வருவதை 1,00,000க்கு 1 என்ற அளவுக்கு ஒதுக்கிவிடும். மின்சாரக் கம்பியின் ஹம் நடுவே, ஒரு சின்ன ரெசிஸ்டரின் குறுக்கே இருந்த மைக்ரோவோல்ட் சிக்னலை அதில் பார்த்தபோது உண்மையிலேயே வாயடைத்துப் போனேன். ரகசியம் இதுதான்: வாசலில் உள்ள ஜோடி எஃப்இடிகளின் (ஒரு வகை டிரான்சிஸ்டர்கள்) சப்ளையும் இன்புட்டின் பொது வோல்டேஜோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. எஃப்இடிக்குத் தன்னைச் சுற்றி எதுவும் மாறியதாகவே தெரியாது. மாற்றம் தெரியாததால் பிழையும் உண்டாவதில்லை.

முதல் பதிவர்

அருமை. இரட்டைத் தடப் பிளக்-இன் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒரே திரையில் இரண்டு சிக்னலைக் காட்டும் பிளக்-இன் அது; ஆல்டர்னேட், சாப் என்று இரண்டு நிலை உண்டு. என்னிடம் உள்ள ஒன்றில் ஆல்டர்னேட் வைத்தால் ஒரே தடம்தான் வருகிறது. சாப் வைத்தால் இரண்டும் வருகின்றன.

மறுமொழி

சார், அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. திரையில் கதிர் ஒன்றுதான். இரண்டு சேனலின் சிக்னலையும் ஒரு மல்டிவைப்ரேட்டர் (இரண்டு நிலைக்கு மாறி மாறிப் புரளும் சர்க்யூட்) மாற்றி மாற்றி உள்ளே விடுகிறது. சாப் நிலையில் அது தானாகவே ஓடும், சிஏ என்ற இரட்டைத் தடப் பிளக்-இன்னில் சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில். ஆல்டர்னேட்டில் அது தானாக ஓடாது. ஒவ்வொரு ஸ்வீப் (கதிர் திரையை ஒரு முறை கடப்பது) முடிந்ததும் ஸ்கோப்பின் உடம்பு ஒரு பல்ஸ் அனுப்பும், அது வந்தால்தான் புரளும். உங்களுக்குச் சாப் வேலை செய்கிறது என்றால் இரண்டு சேனலும் நல்லவை. மல்டிவைப்ரேட்டரிலும் பெரிய பழுது இருக்காது. பல்ஸ் வரவில்லை, அல்லது அதை உள்ளே எடுத்துப்போகும் கெப்பாசிட்டரோ டயோடோ போயிருக்கிறது. முதலில் பவரை அணைத்துவிட்டுக் கனெக்டரின் பின்களை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள்.

முதல் பதிவர்

துடைத்தேன். பல்ஸ் வரும் பின் கறுத்துப் போயிருந்தது. இப்போது ஆல்டர்னேட்டிலும் இரண்டு தடமும் வருகின்றன. நன்றி சார்.