கலைச்சொல் உதவி: ஆண்ட்ராய்டில் ‘நேம் ரெசல்யூஷன்’

கீழக்கரை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை பத்தாம் வகுப்புக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுக்க வேண்டும். கடைசி அறைக்கு வைஃபை எட்டாததால் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் டைப்-சி அடாப்டர் செருகி, ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்திருக்கிறோம். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அதன் முகவரியைத் தேடித் தருகிற வேலை இருக்கிறதே, அதற்குத் தமிழில் என்ன எழுதலாம்? ‘பெயர்த் தீர்வு’ என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

ராமநாதபுரம் தமிழய்யா:
தீர்வு வேண்டாம் அம்மா. தீர்தல் என்றால் முடிதல், நீங்குதல். காசு தீர்ந்தது, நோய் தீர்ந்தது. ‘பெயர் தீரவில்லை’ என்று எழுதினால் இன்னும் கொஞ்சம் பெயர் மிச்சம் இருக்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ‘பெயர்ப்பு’ என்று வையுங்கள். பெயர் என்பது பெயர்ச்சொல்லும் ஆகும், இடம்மாறு என்னும் வினையும் ஆகும். மொழியைப் பெயர்த்தால் மொழிபெயர்ப்பு. பெயரை எண்ணாகப் பெயர்த்தால் பெயர்பெயர்ப்பு.

பாம்பன்:
பெயர்பெயர்ப்பு! ஐயா, இதை நாலு தடவை வேகமாகச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓடிவிடுவார்கள்.

ராமேசுவரம்:
‘தீர்’ என்பதை அவ்வளவு லேசில் தள்ள முடியாது. எங்கள் கோயிலுக்குள் 22 தீர்த்தம் இருக்கிறது. பாவம் தீர்ப்பதால்தானே தீர்த்தம்? சிக்கலைத் தீர்ப்பது தீர்வு. பெயர்த் தீர்வு சரிதான்.

ராமநாதபுரம் தமிழய்யா:
தீர்த்தம் வடசொல். ‘கடத்தல்’ என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது. ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடம் என்பதுதான் மூலப் பொருள். நீராடும் புனித நீர் என்பது அப்புறம் வந்தது. அதற்குத் தமிழில் துறை இருக்கிறது. நம் ‘தீர்’ வேறு, அது வேறு.

ராமேசுவரம்:
வடசொல்லாகவே இருக்கட்டும். வடவெழுத்தை நீக்கி வந்தால் செய்யுளில்கூட ஏற்கலாம் என்று தொல்காப்பியரே எச்சவியலில் கதவைத் திறந்துவைத்திருக்கிறாரே.

தொண்டி:
துறை என்றதும் ஒன்று தோன்றுகிறது. சங்கப் பாடல்களில் வரும் தொண்டித் துறை...

மண்டபம்:
வேண்டாம் அண்ணே. அது சேரர் தொண்டியா நம் தொண்டியா என்று ஆரம்பித்தால் திங்கட்கிழமை போய்விடும். முதலில் பிள்ளைகள் திரையில் என்ன பார்க்கப்போகிறார்கள் என்று யோசிப்போம்.

அந்தத் தேடும் வேலையைச் செய்வது டிஎன்எஸ். வைஃபையில் நிலையான ஐபி என்று தேர்ந்தால் டிஎன்எஸ் 1, டிஎன்எஸ் 2 என இரண்டு பெட்டி வரும்; எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்க வேண்டுமோ அதன் எண்ணைத் தட்டலாம். கேபிள் செருகினால் பல கருவிகளில் அப்படிப் பெட்டியே கிடையாது. ரவுட்டர் ஐபி கொடுக்கும்போதே டிஎன்எஸ் எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடும். மாற்ற வேண்டுமானால் ரவுட்டரில் மாற்றுங்கள். இல்லையென்றால் 2018-இல் ஆண்ட்ராய்டு 9-உடன் வந்த ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ இருக்கிறது; கேள்வியை மறையாக்கி அனுப்பும் அமைப்பு. அது வைஃபை, கேபிள் இரண்டுக்கும் பொது. ஆனால் அங்கே எண்ணை ஏற்காது, ‘டிஎன்எஸ் டாட் கூகுள்’ போலப் பெயர்தான் கொடுக்க வேண்டும். கூகுள் டிஎன்எஸ்ஸின் எண்ணான 8.8.8.8-ஐத் தட்டிவிட்டுச் சேமிக்க முடியவில்லையே என்று விழிக்காத ஆள் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயருக்கு உரிய எண்ணைக் கண்டுபிடிக்க முதலில் ரவுட்டர் தந்த பழைய டிஎன்எஸ்ஸைத்தான் கேட்க வேண்டும். பெயரை நாமே கொடுத்துவிட்டால் வேறு வழியில் முயலாது. நெட்வொர்க்கில் யாராவது அது போகும் வாசலான 853-ஆம் போர்ட்டை அடைத்திருந்தால் கேபிள் நன்றாக இருக்கும், பெரும்பாலும் ஒரு தளமும் திறக்காது. தானியங்கியில் விட்டால் மறையாக்காத டிஎன்எஸ்ஸின் வழக்கமான 53-ஆம் போர்ட்டுக்கே திரும்பிவிடும். பிள்ளைகள் அதிலேயே இருக்கட்டும்.

ஆக, எங்கே பெயர், எங்கே எண் என்பது சொல்லைப் பார்த்ததும் தெரிய வேண்டும். அழகு அப்புறம்.

பாம்பன்:
அப்படியானால் ‘முகவரிகாட்டி’. படகில் திசைகாட்டி பார்த்த பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

தொண்டி:
முகவரிக்காட்டி. ‘க்’ விட்டுப்போயிற்று.

ராமநாதபுரம் தமிழய்யா:
விடவில்லை. முகவரியைக் காட்டுவது, இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது. வழிகாட்டி, திசைகாட்டி எதிலாவது ‘க்’ பார்த்தீர்களா? சந்தி சரி. சொல்தான் சரியில்லை.

கீழக்கரை ஆசிரியை:
எங்கள் பிள்ளைகள் வீட்டில் முகவரி என்று யாரும் சொல்வதில்லை. பெரியவர்களுக்கு விலாசம், சின்னவர்களுக்கு அட்ரஸ். ‘விலாசம்காட்டி’ என்று போடலாமா?

ராமநாதபுரம் தமிழய்யா:
விலாசமும் வடசொல்தான். இப்படியே போனால் கடைசியில் ‘டிஎன்எஸ்’ என்றே எழுதிவிடுவோம்.

மண்டபம்:
எழுதினால்தான் என்ன? 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தபோது வைத்த ‘டொமைன் நேம் சிஸ்டம்’ என்ற பெயரின் சுருக்கம். திரையிலும் அதுதான் இருக்கிறது. அதற்கு முன் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தன. எல்லோரும் அதைப் படியெடுத்துக்கொண்டார்கள். நம் ‘.இந்தியா’வில் தமிழில் பெயர் பதிந்தாலும் உள்ளே அது ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ரோமன் எழுத்துச் சரமாகத்தான் ஓடுகிறது. அடியிலேயே தூய்மை இல்லை ஐயா, மேலே எவ்வளவு துடைப்பது?

தொண்டி:
டொமைனுக்கு, அதாவது தளப் பெயருக்கு, ‘ஆள்களம்’ புழக்கத்தில் இருக்கிறது. ‘ஆள்களக்காட்டி’...

ராமேசுவரம்:
ஆள் பிடிக்கிற கருவி மாதிரி இருக்கிறது. நான் பாம்பன் பக்கம் சாய்கிறேன். தீர்வை விட்டுவிடுகிறேன், தீர்த்தத்தை விடவில்லை.

கீழக்கரை ஆசிரியை:
அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தலைப்பில் ‘முகவரிகாட்டி’, அடுத்த வரியில் ‘திரையில் டிஎன்எஸ் என்று இருக்கும்’. கம்பியா வடமா என்று கேட்க நேரமில்லை, கேபிள் என்றே போட்டேன்.

ராமநாதபுரம் தமிழய்யா:
என் மறுப்பு இருக்கட்டும். காட்டி என்பது கருவி. அம்மா கேட்டது அது செய்யும் வேலைக்கு ஒரு பெயர். அது இன்னும் கிடைக்கவில்லை. ‘காட்டல்’ என்றால் யாருக்கும் பிடிக்காது. பெயர்ப்பு என்றால் சிரிக்கிறீர்கள்.

பாம்பன்:
சிரித்தது பெயர்பெயர்ப்புக்கு. வெறும் பெயர்ப்பு பரவாயில்லை ஐயா, அடுத்த குறிப்பில் பார்ப்போம்.