சத்துணவைத் தொடங்கியது யார்? "சோறு போட்டு மாநிலம் வளராது" என்றவருக்கு

பொருநைக்காரி:
"சோறு போட்டு எந்த மாநிலமும் முன்னேறியதில்லை, தொழிற்சாலை வந்துதான் தமிழ்நாடு முன்னேறியது" என்று வைகைமைந்தன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அந்தத் தொழிற்சாலைக்குள் போனது யார்? மதியச் சோற்றுக்காகப் பள்ளிக்கூடம் வந்து, வந்த இடத்தில் நாலெழுத்துப் படித்த பிள்ளைகள்தானே! 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது என் அம்மா சமையல் ஆயாவாகச் சேர்ந்தார். மழைக்காலத்தில் விறகு நனைந்திருக்கும். ஊதி ஊதி, மணி அடிப்பதற்குள் உலை கொதிக்க வேண்டும். கண் இரண்டும் கோவைப்பழமாகத்தான் வீட்டுக்கு வருவார்.

வைகைமைந்தன்:
அக்கா, அழுதால் வரலாறு மாறாது. எம்.ஜி.ஆர். தொடங்கினாராம்! காமராசர் 1956-லேயே எட்டயபுரத்தில் தொடங்கிவிட்டார்.

பொருநைக்காரி:
அது மதிய உணவு. நான் சொன்னது சத்துணவு. 1956-இல் ஊர்க்காரர்கள் தந்த நன்கொடையும் சேர்ந்துதான் அடுப்பு எரிந்தது. 1982-இல் அரசே பொறுப்பேற்றது. பள்ளி வயது வராத இரண்டு வயதுக் குழந்தைக்கும் தட்டு வைத்தது. தொடங்கியது 1982.

வைகைமைந்தன்:
பெயரை மாற்றினால் புதுத் திட்டமா? எட்டயபுரம். 1956.

பழையஏடு:
இருவருமே தவறு. 1920. சென்னை மாநகராட்சி, தலைவர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளி. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று தீர்மானமே இருக்கிறது. அவர் இருந்த நீதிக்கட்சியின் பெயரைச் சொன்னால் உங்களுக்கெல்லாம் ஏன் கசக்கிறது?

வைகைமைந்தன்:
1925-இல் நின்றுபோனதுதானே அது?

பழையஏடு:
செலவைக் காட்டி வெள்ளைக்காரன் நிறுத்தினான். அதனால் தொடங்கவே இல்லை என்று ஆகிவிடுமா? முன்பு இங்கே நடந்த மேட்டூர் அணை விவாதத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள். பாதியைச் சொல்லிவிட்டு ஓடினீர்கள்.

வைகைமைந்தன்:
நான் ஓடினேனா? அன்றைக்கு நாலு பதில் போட்டேன். தேடிப் படிக்கவும்.

செவிலி_கிராமம்:
மருத்துவத்தையும் கொஞ்சம் பேசுங்கள். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மருந்தை அரசு மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்தது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பாஸ்புக் உண்டு. அதில் எழுதியிருக்கும் தொகைக்குள் எங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் மாத்திரைக்கு வெளியே சீட்டு எழுதித் தராமல் கையிலேயே கொடுத்து அனுப்ப முடிந்தது. ஏழை வீட்டில் அந்தக் காசு மிச்சம். இதுவும் பொருளாதாரம்தான்.

வைகைமைந்தன்:
1994-இல் ஜெயலலிதா ஆட்சி என்று சொல்லாமல் சொல்கிறீர்கள். புரிகிறது.

செவிலி_கிராமம்:
நான் எந்தக் கட்சியும் இல்லை சார். மருந்தைப் பற்றித்தான் சொன்னேன்.

கரிசல்தம்பி:
முட்டையை ஏன் யாருமே பேசவில்லை? வெறும் சோறும் பருப்பும் சத்துணவா? 1989-இல் கலைஞர் முட்டை கொடுத்த பிறகுதான் அது சத்துணவு.

பொருநைக்காரி:
தம்பி, இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை அது. அதற்கு முன்னால் ஏழு வருடம் என் அம்மா ஆக்கிப் போட்டது என்ன, தவிடா? கீரையைக் கிள்ளிப் பருப்போடு சேர்த்துக் கடைந்து, கடைசிப் பிள்ளைக்கும் எட்டுகிறதா என்று தலையை எண்ணி எண்ணி ஊற்றியவர் அவர். சத்து இல்லை என்று அவர் முன்னால் வந்து சொல்லிப் பார்.

வைகைமைந்தனுக்கும் ஒன்று. சோற்றால் மாநிலம் வளராது என்றது நீங்கள். இப்போது அந்தச் சோற்றைத் தொடங்கிய பெருமை காமராசருக்கே என்று மல்லுக்கு நிற்பதும் நீங்கள். சோறு பயனில்லாதது என்றால் அந்தப் பெருமை எதற்கு? கிண்டித் தொழிற்பேட்டையும் அவர் காலத்தில்தான் வந்தது. ஒரே கையால் இரண்டையும் செய்தார். உங்களுக்குத்தான் ஒன்று உசத்தி, இன்னொன்று இளப்பம்.

வைகைமைந்தன்:
பேச்சை மாற்றாதீர்கள். தொடங்கியது யார்? காமராசர் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

பழையஏடு:
தியாகராயர் என்று எழுதினால்தான் முடியும்.

பொருநைக்காரி:
எழுத மாட்டேன். சத்துணவு 1982. சத்துணவு ஊழியர்கள் இன்றும் சிறப்புக் காலமுறை ஊதியம்தான், அதாவது மற்ற அரசு ஊழியரைவிடக் குறைந்த தனி ஊதியம்தான், வாங்குகிறார்கள். முறையான காலமுறை ஊதியம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தால், இலவசச் சோற்றுக்கு இவ்வளவு செலவா என்று கேட்பது உங்களைப் போன்றவர்கள்தான். அம்மா கரண்டி பிடித்த கையில் இன்னும் சூட்டுத் தழும்பு இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு வருடம் சொல்லித் தர வேண்டாம்.

வைகைமைந்தன்:
தழும்பு ஆதாரம் ஆகாது அக்கா. எட்டயபுரம். 1956.