யாங் போ ஜம்ப்: தலையைப் பின்னால் விட்டதும் முன்கால் இறங்கிவிடுகிறது, என்ன செய்யலாம்?

நித்திலா: மகளுக்குப் பதினாறு வயது. ஜிம்னாஸ்டிக்ஸில் பீம் (குறுகலான சமநிலைக் கட்டை) மேல் சாதாரண ஸ்பிளிட் ஜம்ப், அதாவது கால்களை முன்னும் பின்னும் விரித்துக் குதிப்பது, பிசகாமல் வரும். யாங் போ ஜம்ப்தான் படுத்துகிறது. தலை பின்னால் போனதும் முன்கால் இடுப்புக்குக் கீழே வந்துவிடுகிறது. போட்டியில் இதை வெறும் ஸ்பிளிட் ஜம்ப் என்றே எடுத்துக்கொண்டார்கள். குறை காலிலா, முதுகிலா? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் பிடிபடவில்லை.

செழியன்: முதுகும் தலையும்தான். இரண்டு காலாலும் எம்பி, கால்களை 180 டிகிரியைத் தாண்டி விரித்து, முதுகை வளைத்து, தலையை முழுசாகப் பின்னால் விட வேண்டும். எல்லாம் ஒரே கணத்தில் தெரியணும். வளைவும் தலையும் தெரியாவிட்டால் ஜட்ஜ் சாதா ஸ்பிளிட் என்றுதான் எழுதுவார். உச்சியில் இருக்கும் பிரேமில் முகவாய் கூரையைப் பார்க்கிறதா, கவனியுங்கள். நிறைய பிள்ளைகள் கண்ணை மட்டும் மேலே உருட்டிவிட்டு வந்துவிடுவார்கள். கால் முதலில், நெஞ்சு அடுத்து, தலை கடைசியில். எம்பும்போதே தலையை விட்டால் உயரம் போச்சு, கால் எப்படி நிற்கும்?

நித்திலா: பார்த்தேன் சார், எம்பும்போதே தலை போய்விடுகிறது. பீம் கண்ணில் படாது என்று பயந்து சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறாள்.

வானதி: பயம் நியாயம்தான். 10 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம், விழுந்தால் முழுசாக 1 புள்ளி போகும். சாதா ஸ்பிளிட்டில் பீமின் முனையைப் பார்த்தபடியே இறங்கலாம். இதில் பார்வை போய்த் திரும்ப வேண்டும். அந்தத் திரும்புதலைத் தனியாகப் பழக்குங்க அக்கா. தரையில் டேப் ஒட்டி அதன்மேல் குதிக்கட்டும். பாதம் தொடுவதற்குள் முகவாயை இழுத்து டேப்பின் முனையைக் கண்ணால் பிடிக்கணும். அது பழகின பிறகு லோ பீம் (தரையை ஒட்டிய பயிற்சி பீம்), இரண்டு பக்கமும் மெத்தையோடு. உயர பீமுக்கு அவசரமே வேண்டாம். முன்காலை மெத்தைமேல் ஏற்றி வைத்து ஓவர் ஸ்பிளிட்டும் (180 டிகிரிக்கு மேல் கால் விரிப்பது) செய்யட்டும். வளைவு மேல் முதுகிலிருந்து வரணும். இடுப்பு வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திடுங்க.

சீனாவின் யாங் போ 1989 ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப்பிலும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸிலும் ஆடிய பீமைப் போட்டுக் காட்டுங்க. அவர் பேரில்தானே இந்த ஜம்பே இருக்கு!

நித்திலா: நன்றிம்மா. பின்கால் முழங்கால் லேசாக மடங்கினால் பரவாயில்லையா?

செழியன்: கூடாது. முழங்கால் மடங்கிப் பின்பாதம் தலை உயரத்துக்கு வந்தால் அது ரிங் ஜம்ப் என்ற வேறு ஜம்ப். பாதி மடக்கினால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை, இரண்டுங்கெட்டான். முழங்காலை நீட்டச் சொல்லுங்கள்.