கிளவுடில் பரிவர்த்தனை நினைவகம்: பூட்டுகளுக்கு விடுதலையா?

தறிகாரன்:
ஒருவர் தரவை மாற்றும்போது மற்றவர் தொடாதபடி பூட்டுப் போட்டு நிரல் எழுதும் காலம் மலையேறவேண்டும். 1993-இல் கணினி ஆய்வாளர்கள் ஹெர்லிஹியும் மாஸும் முன்வைத்த பரிவர்த்தனை நினைவகத்தில், படிப்பதையும் எழுதுவதையும் ஒரே தொகுதியாக அறிவித்தால் போதும். இரண்டு தொகுதிகள் மோதினால் ஒன்று பின்வாங்கி மீண்டும் ஓடும். இதைப் பல சர்வர்களுக்கும் விரிக்கவேண்டும் என்பது என் கட்சி.

கம்பிக்காரன்:
விரிப்பதற்கு இது பாயா? நினைவகத்தைத் தொட ஏறத்தாழ 100 நானோ நொடி. ஒரே தரவு மையத்துக்குள் பக்கத்து சர்வருக்குப் போய்வர, சாதாரண நெட்வொர்க்கில் அரை மில்லி நொடி வரை ஆகும். அது 5,000 மடங்கு! அதையும் பொறுத்துக்கொள்ளலாம். முதலில் எல்லா சர்வர்களிடமும் தயாரா என்று கேட்டு, பிறகு முடிவைச் சொல்வது இரண்டு கட்ட ஒப்புதல். அதில் எல்லா சர்வர்களும் "தயார்" என்று சொன்ன பிறகு ஒருங்கிணைக்கும் சர்வர் விழுந்துவிட்டால்? அது எழும்வரை மற்றவை பூட்டைப் பிடித்தபடி நிற்கவேண்டியதுதான்.

தறிகாரன்:
ஒருங்கிணைப்பாளரின் முடிவைப் பல நகல்களில் எழுதிவைத்தால் அந்தச் சிக்கல் தீரும். கூகுளின் ஸ்பேனர் என்ற தரவுத்தளம் செய்வது அதுதான். 2012 கட்டுரையிலேயே விளக்கம் இருக்கிறது. வேகத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களின் ஃபார்ம் என்ற அமைப்பு இருக்கிறது. எதிர்க் கணினியின் செயலியைத் தொந்தரவு செய்யாமலே அதன் நினைவகத்தை நேரடியாகப் படிக்கும் ஆர்டிஎம்ஏ முறையில், 90 கணினிகளில் நொடிக்கு 14 கோடி பரிவர்த்தனைகள். ஆண்டு 2015.

கம்பிக்காரன்:
ஸ்பேனரும் எழுதும்போது பூட்டுத்தான் போடுகிறது, ஐயா. உங்கள் சாட்சியே எனக்குச் சாதகமாகப் பேசுகிறது. ஃபார்ம் கணக்கு எந்தச் சோதனையில் வந்தது? டிஏடிபி. தொலைபேசிச் சந்தாதாரர் தரவு. ஐந்தில் நான்கு பங்கு வெறும் படிப்பு. மோதலே அரிது. ஒரே எண்ணை ஆயிரம் பேர் மாற்றும் இடத்தில் ஓட்டிப் பாருங்கள், பின்வாங்குவதே முழுநேர வேலையாகிவிடும்.

நடுத்திண்ணை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தொகுதிக்குள் மின்னஞ்சல் அனுப்பினால்? நினைவகம் பழைய நிலைக்குத் திரும்பும், போன கடிதம் திரும்பாது. ஹாஸ்கெல் மொழி இப்படிப்பட்ட வெளி வேலையைத் தொகுதிக்குள் அனுமதிப்பதே இல்லை. நிரலின் ஒவ்வொரு பகுதியும் எந்த வகை என்று சரிபார்க்கும் அதன் வகை முறையே (type system) தடுத்துவிடும். மற்ற மொழிகளில் அந்தக் காவல் அரிது.

தறிகாரன்:
நியாயம். வெளி வேலையை வரிசையில் போட்டுவிட்டு, தொகுதி உறுதியான பிறகு அனுப்பலாம். ஆனால் அதற்காகப் பூட்டுக்குத் திரும்பச் சொல்லாதீர்கள். இரண்டு பூட்டுகளைத் தவறான வரிசையில் எடுத்து முடங்கிய நிரலை நள்ளிரவில் தேடியவருக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

கம்பிக்காரன்:
நானும் தேடியிருக்கிறேன். அதனால்தான் ஒரு தரவுக்கு ஒரே சர்வர் பொறுப்பு, மற்றவர்கள் அதற்குச் செய்தி அனுப்பட்டும் என்கிறேன். உங்கள் முறையில் எத்தனை பரிவர்த்தனைகள் பின்வாங்கின என்ற கணக்கைப் போடுங்கள், பிறகு பேசுவோம்.