நாய்க்குட்டியின்ரை நிறத்தைப் பாத்து இனம் சொல்லிறது: நீங்கள் கண்ட குட்டிகள் (எழுதினவை எல்லாரும் தங்கடை ஊர்ப்பேரில)

பரந்தன் சந்தி
கிளிநொச்சிச் சந்தைப் பக்கம், கடதாசிப் பெட்டிக்குள்ள நாலு கறுப்புக் குட்டி. கண்ணுக்கு மேல மண்ணிறப் பொட்டு, கன்னத்திலயும் காலிலயும் அதே நிறம். "ரொட்வைலர், நாப்பது நாள்" எண்டு சொல்லித்தான் விலை. ஒண்டின்ரை முன்கால் விரலை ஈரத்துணியால துடைக்க, துணி முழுக்கக் கரி. கீழ வெள்ளை விரல்.

பூசின ஆளுக்கு விஷயம் தெரியும். ரொட்வைலருக்கு மண்ணிறம் ரெண்டு கண்ணுக்கு மேல, கன்னம், மூஞ்சியின்ரை ரெண்டு பக்கம், நெஞ்சில ரெண்டு திட்டு, கால்கள், வாலுக்குக் கீழ வரவேணும். கறுப்பும் மண்ணிறமும் சேருற எல்லை வெட்டி ஒட்டினமாதிரித் தெளிவா இருக்கும். வெள்ளை வந்தா, அந்த இனத்துக்கு எழுதி வைச்ச தரத்தில அது குறை. ஆனா பொட்டு எல்லாம் சரியா இருந்தாலும் அது ரொட்வைலர் எண்டு ஆகாது. அதே பொட்டு டோபர்மானுக்கும் டாக்ஸ்ஹுண்டுக்கும் இருக்கு, எங்கட ஊர் நாயிலயும் தாராளமாக் கிடக்கு.

கரியை விடக் காட்டிக்குடுத்தது வாய். நாப்பது நாள் குட்டிக்கு ஊசி மாதிரிப் பால்பல்லுத்தான் இருக்கவேணும். முன்பல்லு விழுந்து அகலப் பல்லு முளைக்கத் தொடங்கிறது மூண்டு, நாலு மாசத்தில. இதுக்கு நடுவில ரெண்டு அகலப் பல்லு. நிறை நாலு கிலோ வராது. ரொட்வைலர் எட்டுக் கிழமையிலயே ஏறத்தாழ ஏழு, எட்டுக் கிலோ நிக்கும். உடம்பு சின்னன் எண்டதை மறைக்க வயசைக் குறைச்சுச் சொல்லியிருக்கினம்.

முள்ளியவளை
சொக்லேட் லாப்ரடோர் எண்டு வந்த குட்டி. உடம்பு நல்ல மண்ணிறம், மூக்கு நுனி அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. அந்த மூக்கைப் பாத்த உடனயே கதை முடிஞ்சுது.

சொக்லேட் நிறம் எப்பிடி வருது எண்டா, கறுப்பு நிறமியை மண்ணிறமா மாத்திற மரபணு தாயிட்டை இருந்து ஒண்டு, தகப்பனிட்டை இருந்து ஒண்டு வரவேணும். அது ரோமத்தை மட்டும் மாத்திறேல்லை. மூக்கு, கண்ணிமை ஓரம், பாத மெத்தை எல்லாத்தையும் மாத்தும். உடம்பு மண்ணிறமாயும் மூக்குக் கறுப்பாயும் கிடந்தா அது செவலை. செவலைக்கு வழி வேற, எங்கட தெருவில பாதி நாய் அதுதான். பிறந்து கொஞ்ச நாளுக்கு எந்தக் குட்டிக்கும் மூக்கு ரோசாவாக் கிடக்கலாம், பிறகுதான் நிறம் ஏறும். அதால எட்டுக் கிழமைக்கு முதல் மூக்கை வைச்சும் தீர்ப்புச் சொல்லாதேங்கோ.

லாப்ரடோரில இன்னொண்டு: தாயும் தகப்பனும் மஞ்சள் எண்டா குட்டி எல்லாம் மஞ்சள். ஈத்துக்குள்ள ஒரு கறுப்பு கிடந்தா வேலியால வேறொருத்தர் வந்து போயிருக்கிறார்.

மல்லாவி
பரந்தன் சொன்னது அரைவாசிதான் சரி. நிறத்தை விடுங்கோ, நகத்தை எண்ணுங்கோ. 20 நகம், நாக்கில கறுப்பு மச்சம், ரெண்டும் இருந்தா நல்ல சாதி. துணுக்காயில ஒரு குட்டி நாக்குப் பாதி கறுப்பு, இண்டைக்கு அந்த வளவுக்குள்ள ஒருத்தர் கால் வைக்கேலாது.

பரந்தன் சந்தி
@மல்லாவி, அது காவலுக்கு நல்லதா இருக்கலாம், இனத்துக்குச் சாட்சி இல்லை. முன்கால் அஞ்சு அஞ்சு, பின்கால் நாலு நாலு, மொத்தம் 18. பின்காலில மேல தொங்கிற விரல் ரெண்டு பக்கமும் இருந்தா 20. அது ஊர் நாய்க்கும் வரும், கலப்புக்கும் வரும். நாக்கில மச்சமும் அப்பிடித்தான். சௌ சௌ எண்ட நாயினத்துக்கு நாக்கு முழுக்க நீலக்கறுப்பு எண்டதை வைச்சு மச்சம் கண்டதெல்லாம் சௌ சௌ எண்டு சொல்லேலுமே?

மல்லாவி
20 நகம் 20 நகம்தான்.

நெடுங்கேணி
டல்மேஷன் எண்டு கொண்டந்த குட்டி, கண்ணே திறக்கேல்லை, முதுகில உள்ளங்கை அளவில கறுப்புத் திட்டு. டல்மேஷன் பொதுவா வெள்ளையாத்தான் பிறக்கும். புள்ளி ரெண்டு கிழமை போலத்தான் தெரியத் தொடங்கும். பிறக்கேக்கையே பெரிய திட்டோட வந்தா அது டல்மேஷன் புள்ளி இல்லை, ஆனா அசல் டல்மேஷனிலயும் சிலநேரம் அப்பிடித் திட்டு வரும். உண்மையான டல்மேஷன் கிடைச்சா, பின்னால நிண்டு கை தட்டிப் பாருங்கோ. செவிடு அந்த இனத்தில கூட.

வவுனியா
அல்சேஷன். அஞ்சு மாசம், ஒரு காது நிமிர்ந்து, மற்றது மடிஞ்சு. வீட்டுக்காரர் "கிறோஸ்" (கலப்பு) எண்டு அவிட்டு விட இருந்தவை. மூண்டு மாசத்தில நிமிர்ந்த காது, பல்லு மாறேக்கை திரும்ப விழலாம். ஆறு மாசம் தாண்டியும் மடிஞ்சு கிடந்தாத்தான் யோசிக்கவேணும். நிறமும் அப்பிடி: பிறக்கேக்கை கிட்டத்தட்டக் கறுப்பு, பிறகு காலாலயும் முகத்தாலயும் மண்ணிறம் ஏறி, கடைசியில முதுகில சேணம் மாதிரி மிஞ்சிறதுதான் கறுப்பு. ரெண்டு மாசப் படத்தையும் ரெண்டு வருசப் படத்தையும் பக்கத்தில வைச்சா ஒரே நாய் எண்டு நம்பமாட்டியள்.

ஒட்டுசுட்டான்
"சாம்பல் நிறம், அபூர்வம்" எண்டு கேட்ட குட்டியைக் கழுவ வெள்ளை வந்துது. அடுப்புச் சாம்பலுக்குள்ள படுத்த குட்டி.

எல்லாரும் இனத்தையே கதைக்கிறியள். முதல் குட்டியைக் கழுவிக் காயவிட்டுப் பாருங்கோ. எங்கட செம்மண் புழுதி வெள்ளையைச் செவலையாக்கும், வெயில் கறுப்பைத் துருநிறமாக்கும். வயிறு ஊதி ரோமம் மங்கிக் கிடந்தா அது இனம் இல்லை, பெரும்பாலும் வட்டப்புழு. பூச்சி மருந்து ரெண்டாம் கிழமையில தொடங்கி ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, எட்டுக் கிழமை வரை, நிறை பாத்து. அளவை மிருக வைத்தியரிட்டைக் கேளுங்கோ, பக்கத்து வீட்டில கேக்காதேங்கோ. மாட்டுப்பால் வயித்தாலடிக்கும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசுறதை விடுங்கோ, தோல் வெந்துபோம், நக்கினா நஞ்சு. பாவோவுக்கு (குட்டியைக் கொல்லிற வைரசு வயித்தாலடி) ஊசி ஆறு தொடக்கம் எட்டுக் கிழமையில முதலாவது, பிறகு மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா, 16 கிழமை வரை. பாவோவில ஒரு குட்டி செத்த வளவுக்குள்ள உடன அடுத்ததைக் கொண்டராதேங்கோ. அந்தக் கிருமி மண்ணில மாசக்கணக்காக் கிடக்கும். விசர்நாய் ஊசியும் மறக்காதேங்கோ.

முள்ளியவளை
@ஒட்டுசுட்டான், ஒருத்தரும் கேக்கேல்லை, ஆனாச் சரி.

மாங்குளம்
ஒரே ஈத்து, ஆறு குட்டி: ரெண்டு அல்சேஷன் மாதிரி, மூண்டு செவலை, ஒண்டு புலிவரி. தாய் செவலை. ஆறும் வரிசையாப் பால் குடிச்சுக் கொண்டு கிடக்க, ஆறு ஊர்க் குட்டியைச் சேர்த்து வைச்சமாதிரி.

பருவத்தில பெட்டை பல நாள் கடுவனை ஏற்கும், ஒரு ஈத்துக்கு ரெண்டு மூண்டு தகப்பன் இருக்கலாம். அது ஒரு பக்கம். ஒரே தகப்பன் எண்டாலும் கலப்புக் குட்டி தாய் மாதிரியும் இல்லாமல் தகப்பன் மாதிரியும் இல்லாமல் வரும். அமெரிக்காவில ஸ்கொட், ஃபுல்லர் எண்ட ரெண்டு பேர் கொக்கர் ஸ்பானியலையும் பசெஞ்சியையும் கலந்து பாத்தவை. பேரக்குட்டிகளில சிலதைப் பாத்து உந்த ரெண்டு இனத்தையும் ஒருத்தரும் சொல்லேலாது. நிறத்துக்குக் காரணம் கொஞ்ச மரபணுத்தான், உடம்பின்ரை மிச்சத்துக்குக் காரணம் வேற. குட்டியை விட்டிட்டுத் தாயைக் காட்டச் சொல்லுங்கோ. தாயைக் காட்டாட்டி அந்த விலைக்கு வாங்காதேங்கோ.

நெடுங்கேணி
@பரந்தன் சந்தி, அந்தக் கரிக்குட்டி என்னாச்சு?

பரந்தன் சந்தி
பெட்டை. மற்ற மூண்டும் போன பிறகும் பெட்டிக்குள்ள கிடந்தது. வெள்ளை விரல் தெரிஞ்சதால விலை பாதி.