சிவகாசி காலண்டர், டைரி ஆர்டருக்கு மெயில்: ஸ்பாமுக்குப் போகாமல், பதில் வரும்படி அனுப்புவது எப்படி?

அச்சுக்கூடம்:

வணக்கம். சிவகாசியில் சிறிய ஆஃப்செட் அச்சகம். நிறுவனங்களுக்கு மாத காலண்டர், டைரி அடித்துக் கொடுக்கிறோம். ஆடி 18-க்கு ஆல்பம் (புது டிசைன்களின் மாதிரிப் புத்தகம்) வந்ததும் பழைய பார்ட்டிகளுக்கும், கண்காட்சியில் விசிட்டிங் கார்டு கொடுத்தவர்களுக்கும் மெயில் போடுவது வழக்கம். மொத்தம் 1,400 முகவரி இருக்கும். ஜிமெயிலில் பிசிசி (மற்றவர் முகவரி தெரியாத நகல்) போட்டு, 14 எம்பி ஆல்பம் பிடிஎஃப்பை இணைத்து அனுப்புகிறோம். பாதியிலேயே மெயில் போவது நின்றுவிடுகிறது. போன மெயிலையும் "ஸ்பாமில் கிடந்தது" என்கிறார்கள். அட்டாச்மென்ட் பெரிது என்று திரும்பி வருவதும் உண்டு.

என்ன மாற்ற வேண்டும்? இன்னொன்று, ஒரு லட்சம் கம்பெனி முகவரி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

கம்பிவலை:

கடைசிக் கேள்விக்கு முதலில்: வாங்காதீர்கள். அந்தப் பட்டியல்களில் செத்துப்போன முகவரிகளும், ஸ்பாம் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே வைத்த பொறி முகவரிகளும் கலந்திருக்கும். அதற்கு ஒருமுறை அனுப்பினாலே நீங்கள் அனுப்பும் டொமைனின் (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) நற்பெயர் கெடும். பிறகு பத்து வருடப் பார்ட்டிக்கு அனுப்பும் கொட்டேஷன்கூட ஸ்பாமில்தான் விழும்.

இப்போது நின்றுபோவதற்குக் காரணம் வரம்பு. இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான். அதைத் தாண்டினால் 24 மணி நேரம்வரை அனுப்ப விடாது. ஸ்பாமில் விழ இன்னொரு காரணம், நூற்றுக்கணக்கான பேருக்கு பிசிசியில் ஒரே மெயில். வடிகட்டி முதலில் சந்தேகப்படுவதே அதைத்தான்.

சொந்த டொமைன் வாங்கி, அதில் மெயில் வையுங்கள். ஜோஹோ மெயில், கூகுள் வொர்க்ஸ்பேஸ் இரண்டில் எதுவும் ஆகும். ஆனால் அவை தினசரிக் கடிதப் போக்குவரத்துக்கு. மொத்தமாக அனுப்ப ஜோஹோ கேம்பெய்ன்ஸ், பிரெவோ போன்ற தனிச் சேவை வேண்டும். பிரெவோவின் இலவசத் திட்டத்தில் நாளைக்கு 300 போகும், உங்கள் எண்ணிக்கைக்கு அதுவே போதும். அந்தச் சேவையில் அனுப்புநராகப் பழைய ஜிமெயில் முகவரியைப் போடாதீர்கள். ஜிமெயில் பெயரில் வெளி சர்வரிலிருந்து வருவதைப் போலி என்றுதான் கூகுள் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் (டொமைன் விவரங்களைப் பதியும் இடம்) மூன்று டிஎக்ஸ்டி ரெக்கார்டு (எழுத்துப் பதிவு) சரியாக இருக்க வேண்டும். எஸ்பிஎஃப் என்பது எந்த சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் ஒவ்வொரு மெயிலிலும் போடும் டிஜிட்டல் கையொப்பம். இந்த இரண்டும் தேறாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று பெறுகிற சர்வருக்குச் சொல்வது டிமார்க். டிமார்க்கை முதலில் "நன்" (எதுவும் செய்யாதே) என்ற கொள்கையில் வைத்து, அறிக்கை வர ஒரு முகவரி கொடுங்கள். சில வாரம் பார்த்து எல்லாம் தேறுகிறது என்றால் "குவாரன்டைன்" (ஸ்பாமில் போடு) ஆக்கலாம்.

பலர் சறுக்குவது எஸ்பிஎஃப்பில். மெயிலுக்கு ஒன்று, மொத்தமாக அனுப்பும் சேவைக்கு ஒன்று என இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு போட்டுவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரிக்குள் இரண்டு "இன்க்ளூட்" (இந்தச் சேவையையும் சேர்) எழுத வேண்டும். அதிலும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக்கூடாது.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதைக் கறாராகப் பார்க்கின்றன. நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். சிறியவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். நீங்கள் மூன்றையும் வைத்துவிடுங்கள். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது என்பதும் கூகுள் சொல்லும் அளவு. அதாவது ஆயிரத்தில் மூன்று பேர் ஸ்பாம் பொத்தானை அமுக்கினாலே ஆபத்து. விலைக்கு வாங்கிய பட்டியல் ஏன் ஆகாது என்பது இதிலேயே புரியும்.

மையும்தாளும்:

டெக்னிக்கல் விஷயத்தை கம்பிவலை சொல்லிட்டார். மெயிலுக்குள்ள என்ன இருக்கணும்னு நான் சொல்றேன் அண்ணே, ஆர்டரைக் கொண்டு வர்றது அதுதான்.

பிடிஎஃப்பை இணைக்கவே வேண்டாம். மெயிலில் போகும்போது அட்டாச்மென்ட் மூணில் ஒரு பங்கு பெருத்துடும். உங்க 14 எம்பி கிட்டத்தட்ட 19 ஆகும். ஜிமெயிலுக்கு அது பரவாயில்ல, ஆனா நிறைய ஆபீஸ் சர்வரில் 10 எம்பிதான் வரம்பு. ஆல்பத்தை உங்க வெப்சைட்டில் ஏத்திட்டு லிங்க் கொடுங்க. மெயிலில் இரண்டு மூணு படம் போதும், 600 பிக்சல் அகலம், ஒவ்வொண்ணும் 150 கேபிக்குள்ள. லிங்க்கைச் சுருக்கும் சேவையை மட்டும் பயன்படுத்தாதீங்க, ஸ்பாம்காரங்களும் அதைத்தான் பயன்படுத்துறாங்க.

அச்சகக்காரங்க எல்லாரும் செய்யற ஒண்ணு: பிளேட்டுக்கு வச்சிருந்த சிஎம்ஒய்கே (அச்சு மை நிறமுறை) ஜேபெக்கை அப்படியே மெயிலில் போடுவாங்க. சில ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது கண்ணைப் பறிக்கிற பச்சையா தெரியும், சிலதில் தெரியவே தெரியாது. கட்டாயம் எஸ்ஆர்ஜிபிக்கு (திரைக்கான நிறமுறை) மாத்தி சேவ் பண்ணுங்க. அதே மாதிரி பாமினியில் (யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) டைப் செஞ்ச வாசகத்தைக் காப்பி பண்ணி ஒட்டினா அந்தப் பக்கம் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையா தெரியும். யூனிகோடுக்கு மாத்திட்டுத்தான் ஒட்டணும். விலையைப் படத்துக்குள்ள எழுதாதீங்க. அவுட்லுக்கில் படம் தானா திறக்காது, திறக்காத படத்தில் இருக்கிற விலை இல்லாத விலைதான்.

சப்ஜெக்ட்டை "ஸ்பெஷல் ஆஃபர்"னு ஆரம்பிக்க வேண்டாம். பழைய பார்ட்டிக்கு உங்ககிட்ட பில் இருக்கே, அதை வச்சு எழுதுங்க: "சென்ற ஆண்டு எடுத்த 500 டைரி: இந்த ஆண்டு விலை". எக்செல்லில் பேர், பொருள், எண்ணிக்கைன்னு மூணு நெடுவரிசை இருந்தா அனுப்பும் சேவையே ஆளுக்கு ஆள் நிரப்பிக்கும். மொபைலில் தமிழ் எழுத்து அகலமா வரும், அதனால முக்கியமான சொல் முதல் மூணு நாலு வார்த்தைக்குள்ள வந்துடணும்.

உள்ளே பர்ச்சேஸ் ஆள் தேடுறது விலைதான். 100, 250, 500, 1,000 எண்ணிக்கைக்கு விலை, அது எந்தத் தேதி வரை செல்லும், லோகோ கொடுக்கக் கடைசி நாள், எத்தனை நாளில் லாரியில் ஏறும், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா. காலண்டருக்கு எச்எஸ்என் (ஜிஎஸ்டி பொருள் குறியீடு) 4910, டைரிக்கு 4820ன்னு போட்டுட்டா அக்கவுண்ட்ஸ்ல திருப்பிக் கேக்கமாட்டாங்க. லோகோவை சிடிஆர் (கோரல்டிரா), ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர்) இல்லேன்னா வெக்டர் பிடிஎஃப்பா கேளுங்க, வாட்ஸ்அப் போட்டோ வேண்டாம்னு தெளிவா எழுதுங்க. கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: "எண்ணிக்கையை மட்டும் பதிலில் எழுதுங்கள், கொட்டேஷன் அனுப்புகிறோம்." பதில் வந்து சேர்ற முகவரியை ஒருத்தர் தினமும் பார்க்கணும். "நோ ரிப்ளை"ன்னு ஒரு முகவரியே வேண்டாம்.

மாசம் 11, 20 தேதியை ஒட்டி அனுப்பாதீங்க. சின்ன கம்பெனியில் பர்ச்சேஸும் கணக்கும் ஒரே ஆள்தான், அவர் ஜிஎஸ்டி ரிட்டர்னில் இருப்பார்.

அச்சுக்கூடம்:

மிக்க நன்றி. டொமைன் வாங்கி ரெக்கார்டு போட்டாச்சு. எஸ்பிஎஃப் தேறுகிறது, டிகிம் மட்டும் "கிடைக்கவில்லை" என்கிறது. அப்புறம் சிங்கப்பூரில் சில கடைகளுக்குத் தமிழ் நாள்காட்டி அனுப்புகிறோம், அங்கே புதுக் கடைகளுக்கும் மெயில் போடலாமா?

கம்பிவலை:

டிகிம் ரெக்கார்டின் பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். சேவை கொடுத்த முழுப் பெயரையும் ஒட்டியிருப்பீர்கள். பல டிஎன்எஸ் பக்கங்கள் டொமைன் பெயரைத் தாமாகவே பின்னால் சேர்த்துக்கொள்ளும், அப்போது டொமைன் இரண்டு முறை வந்துவிடும். "டொமைன்கீ" என்பதோடு நிறுத்திப் பாருங்கள். அதுவும் சரியென்றால், சாவி (கையொப்பத்தைச் சரிபார்க்கும் எழுத்துத் தொடர்) பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா பாருங்கள். 2048 பிட் சாவி நீளமானது. ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் கொள்ளும் என்பதால் இரண்டு மேற்கோள் துண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

மாற்றிய பிறகு உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, வலது மூலை மூன்று புள்ளியில் "ஷோ ஒரிஜினல்" திறங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேரே "பாஸ்" இருக்க வேண்டும். டிகிம் வரியில் தெரியும் டொமைன் உங்களுடையதா என்றும் பாருங்கள். அனுப்பும் சேவையின் பெயர் இருந்தால் அது உங்கள் கையொப்பம் ஆகாது.

புது டொமைனில் முதல் நாளே 1,400 வேண்டாம். கடந்த இரண்டு வருடத்தில் ஆர்டர் கொடுத்தவர்களில் 50 பேரிடமிருந்து தொடங்கி, பதில் வர வர கூட்டுங்கள். கண்காட்சி கார்டுகள் கடைசியில். மூன்று வருடத்துக்கு மேல் பழைய கார்டை விட்டுவிடலாம்.

சிங்கப்பூரில் ஸ்பாம் கட்டுப்பாட்டுச் சட்டம் 2007-லிருந்து இருக்கிறது. கேட்காதவர்களுக்கு மொத்தமாக விளம்பர மெயில் போட்டால் சப்ஜெக்ட்டின் முதலிலேயே "ஏடிவி" (<ADV>) என்ற அடையாளமும், விலகிக்கொள்ள வழியும் வேண்டும். புதுக் கடை பத்து இருபதுதான் என்றால் மொத்தமாகவே போடாதீர்கள். கடையைப் பார்த்து, ஆளுக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள்.

பில்புக்:

விலகும் வசதி இந்தியப் பட்டியலுக்கும் வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கச் சொல்கிறது. விலகியவர் பெயரைப் பட்டியலிலிருந்து அழிக்காதீர்கள், "அனுப்பக்கூடாது" என்று குறித்து வையுங்கள். அழித்துவிட்டால் அடுத்த வருடம் பழைய எக்செல்லை ஏற்றும்போது அவர் மறுபடி உள்ளே வந்துவிடுவார். கோபத்தில் ஸ்பாம் அமுக்குவது அவர்தான்.

திரும்பி வரும் மெயிலில் 550 5.1.1 என்றிருந்தால் அந்த முகவரியே இல்லை, உடனே நிறுத்துங்கள். 550 5.7.26 என்றால் கோளாறு உங்கள் டிஎன்எஸ்ஸில். 4-இல் தொடங்கும் எண் தற்காலிகம். மூன்று முறை அப்படியே வந்தால் அதையும் எடுத்துவிடலாம்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2021-இல் ஆப்பிள் மெயில் கொண்டுவந்த மாற்றத்தால் ஆள் பார்க்காமலே படங்கள் இறங்கி, திறந்ததாகப் பதிவாகிறது. கிளிக்கையும் முழுதாக நம்ப முடியாது. சில அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள் எல்லா லிங்க்கையும் தானே தட்டிப் பார்க்கும். உங்கள் தொழிலுக்குப் பதில் எத்தனை, கொட்டேஷன் எத்தனை, ஆர்டர் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதினாலே போதும்.

பதில் தராதவர்களுக்குச் செப்டம்பரில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். ஆல்பத்தை மறுபடி காட்ட வேண்டாம், "500-க்குக் குறைந்தால் லோகோ கடைசித் தேதி இது" என்று இரண்டே வரி. தீபாவளிக்கு முன் இன்னொன்று. அதற்கும் பதில் இல்லாதவர்களை இந்த வருடம் விட்டுவிட்டு, பெரிய எண்ணிக்கை எடுத்தவர்களை மட்டும் போனில் கூப்பிடுங்கள். பாதிப் பேருடைய பர்ச்சேஸ் ஆள் மாறியிருப்பார், புது ஆளின் முகவரியை அப்போதே கேட்டு வாங்கிவிடலாம்.